தண்ணீர் படாத கம்பளி

தேயிலைக் கொழுந்துக் கறை போகாத விரல்களால் என் தலையை வாரிவிட்ட என் அம்மாவுக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் அப்பா ஒரு மாதிரியாகப் பார்ப்பார். உயிரோடு இருந்தபோதே உனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் பல்கலைக்கழகத்திலிருந்து போட்ட கடிதங்களை எல்லாம் அக்காதான் உனக்கு வாசித்துக் காட்டினாள். இந்தக் கடிதத்தை அக்கா வாசிக்கமாட்டாள். என் கையெழுத்தைக் கண்டாலே மடித்து வைத்துவிடுகிறாளாம். அதனால்தான் எல்லோரும் படிக்கிற பத்திரிகைக்கு இதை அனுப்புகிறேன். எங்கேயாவது ஒரு தோட்டத்து வரிசை லயத்தில் படிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்க வாசித்தால் உனக்கும் கேட்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் செய்தி. அக்காவுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. நாலு மாதம். உயிரோடு இருக்கிறான். வேறு வீடுகளில் ஆண்பிள்ளை என்றதும் சர்க்கரை கொடுப்பார்கள். நம் வீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. மற்றதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லுமுன் உன்னிடம் நான் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு முன்னால் ஒருவன் பிறந்தான், எனக்குப் பின்னால் ஒருவன். மூத்தவனை நான் பார்த்ததில்லை. இளையவனை நினைவிருக்கிறது, எனக்கு அப்போது ஆறு வயது. பிறந்த மூன்றாம் நாள் அவன் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. நாலாம் நாள் உள்ளங்காலும் மஞ்சள். பாலுக்கு வாய் திறக்கவில்லை. முதுகை வில் மாதிரி வளைத்துக்கொண்டு கீச்சென்று ஒரு குரலில் அழுதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற ஐயா வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு, "காமாலை" என்று சொல்லி ஒரு போத்தல் கொடுத்தார். மூத்தவனுக்கும் அதே போத்தல்தான் என்று நீ சொன்னாய். பிள்ளையை எதில் சுற்றி வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு தடவையும் கேட்கவில்லை.

அவன் போனபிறகு, லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நான் கேட்ட பேச்சை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீ கேட்காத பேச்சா அது?

"பொட்டப்புள்ளைங்க ரெண்டும் கல்லு மாதிரி நிக்குது. ஆம்பளப்புள்ள வந்தா மட்டும் முழுங்கிர்றா."

"மெதுவாப் பேசுடி, சின்னவ நிக்கிறா."

"நிக்கட்டுமே. அவளும் ஒருநாள் பெக்கப்போறவதானே."

அப்பாவுக்கு இன்னொருத்தியைக் கட்டி வைக்கலாம் என்று அவருடைய ஆட்கள் வந்து பேசினார்கள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு வேலைக்குப் போய்விட்டார். அதற்காக நீ அவரைச் சாகும்வரை கும்பிட்டாய். உன்னைப் பேசியவர்களைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீ மலையில் கொழுந்து பறிக்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் போனபின் உன்னைப் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் தங்கள் பிள்ளைகளை அங்கேதானே விட்டுப் போகவேண்டும். பிள்ளை முழுங்கி என்று உன்னைச் சொன்ன அதே பெண்கள் விடியக்காலையில் கைப்பிள்ளைகளை உன் மடியில் போட்டுவிட்டு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடினார்கள். உன்மேல் நம்பிக்கை வந்து இல்லை. பெரட்டுக் களத்தில் பிந்தி நின்றால் அன்றைக்குப் பேர் விழாது, அவ்வளவுதான். நீயோ எந்தப் பிள்ளை எப்படி இருமும் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாய். அந்தப் பத்து வருடம்தான் நீ சிரித்து நான் பார்த்த காலம்.

இப்போது நான் மறைத்ததற்கு வருகிறேன்.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், அறுபத்தொன்பது. ரத்தத்தைச் சோதிக்கும் செய்முறை வகுப்பு ஒன்று. யாராவது ரத்தம் கொடுங்கள் என்று விரிவுரையாளர் கேட்டார். நான் கை தூக்குகிற பெண் இல்லை என்பது உனக்குத் தெரியும். மூன்று வருடத்தில் அந்த வகுப்பில் நான் வாய் திறந்தது வரவு சொல்லத்தான். பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஐந்து பேரின் ரத்தத்தை ஐந்து கண்ணாடிக் குழாய்களில் விட்டு, ஒரு மருந்தால் பழுப்பாக்கி, நீல மருந்து ஒன்றும் சேர்த்து வைத்தார்கள். நல்ல ரத்தம் என்றால் சில மணி நேரத்தில் தானாகவே மறுபடி சிவந்துவிடும். நாலு குழாய் சிவந்தது. என்னுடையது முழுதாகச் சிவக்கவும் இல்லை, முழுதாகப் பழுப்பாக நிற்கவும் இல்லை. நடுவிலே கலங்கி நின்றது.

விரிவுரையாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் என்னை நிற்கச் சொன்னார். வீட்டில் ஆண்பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இரண்டு பேர் இருந்தார்கள், இப்போது இல்லை என்றேன். பிறந்து எத்தனையாம் நாள் போனார்கள் என்று கேட்டார். பிறகு, அந்தப் பிள்ளைகளின் துணிகளுக்குள் பூச்சி உருண்டை போட்டு வைக்கிற வழக்கம் உண்டா என்று கேட்டார்.

அம்மா, எனக்கு அந்த இடத்திலேயே அந்த மணம் வந்தது.

அந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். நீ ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாய். பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"அப்படி என்னாதான் படிக்கிற அங்க? கொழுந்தப் பத்தியா?"

"உடம்புக்குள்ள ஒரு ஆபீஸ் இருக்கும்மா. அதப் பத்தி."

"ஆபீசா? அங்கயும் கிளாக்கர் இருக்காரா?"

"இருக்காரு."

"அப்ப வெளங்குனாப்பிலதான்."

நாம் இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குப் பேச வந்தது. வகுப்பில் வராத பேச்சு உன் முன்னால் வந்தது. நம் உடம்பின் ஒவ்வொரு அணுவுக்கும் நடுவில் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது என்றேன். அதில் மொத்தமே நாலு எழுத்துதான், திரும்பத் திரும்ப அந்த நாலுதான். அந்தப் புத்தகம் ஆபீசை விட்டு வெளியே வராது. எந்தப் பக்கம் வேண்டுமோ அதை மட்டும் பார்த்து ஒரு துண்டில் எழுதி வெளியே அனுப்புவார்கள். துண்டு ஸ்டோருக்கு வரும். அங்கே அதை மூன்று மூன்று எழுத்தாக வாசிப்பார்கள். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் இன்ன மணி என்று கணக்கு. மணிகளில் இருபது ஜாதி. சொன்ன மணியை எடுத்துவர ஆட்கள் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போவார்கள். கோத்து முடிந்ததும் அந்த மாலை தானாகவே சுருண்டு மடங்கி ஓர் உருவம் எடுக்கும். அதுதான் புரதம். உருவம் எப்படியோ அப்படித்தான் வேலை. ஒன்று ரத்தத்தில் காற்றைச் சுமக்கும், ஒன்று தின்றதைச் செரிக்கவைக்கும், ஒன்று காவல் நிற்கும். வேலை முடிந்ததும் துண்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

நீ பிசைவதை நிறுத்தாமல் கேட்டாய்.

"துண்டுல தப்பா எழுதிட்டா?"

"அந்த ஒரு தடவ வேல கெட்டுப் போகும். அடுத்த துண்டு சரியா வந்துரும்."

"புத்தகத்துலயே தப்பா இருந்தா?"

நான் அசந்துபோனேன். அங்கே ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு வர ஒரு தவணைப் படிப்பு ஆனது.

"அப்ப ஆயுசுக்கும் தப்பாத்தான் வரும். ஒரே ஒரு எழுத்து மாறுனாப் போதும்மா. ஒரு மணிக்குப் பதிலா வேற மணி நிக்கும். சில நேரம் ஒண்ணும் ஆகாது. சில நேரம் மால கோணலா மடங்கும், செய்யவேண்டிய வேலயச் செய்யாது. சில நேரம் பாதியிலயே கோக்குறது நின்னுபோயிரும்."

"பாவம், ஸ்டோருல இருக்கவனுக்கு என்னா தெரியும்? துண்டுல இருக்கதத்தானே செய்வான்."

அங்கேயே நான் நிறுத்தியிருக்கவேண்டும். அல்லது முழுதையும் சொல்லியிருக்கவேண்டும். இரண்டும் செய்யாமல் பாதியைச் சொன்னேன்.

சிவப்பணுவுக்குக் காவல் நிற்கிற புரதம் ஒன்று உண்டு, அதை எழுதிய பக்கம் நம் வீட்டில் ஒன்று பழுதாக இருக்கிறது என்றேன். எந்த எழுத்து மாறியது என்று உலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது, வேறொரு ரத்த நோயில் ஒரேயொரு மணி மாறியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள், இதுவும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்றேன். பெண்களுக்கு அந்தப் பக்கம் இரண்டு பிரதி. ஒன்று கெட்டாலும் மற்றது ஓரளவு தாங்கும். ஆணுக்கு ஒன்றே ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருவது. உன்னிடம் ஒன்று நல்லது, ஒன்று பழுது. எது போகும் என்பது யார் கையிலும் இல்லை.

"அண்ணனுக்கும் தம்பிக்கும் பழுதானது போயிருச்சும்மா. உன் ரத்தத்துல இருந்து வந்தது அது."

உன் கை மாவுக்குள் நின்றுவிட்டது.

"அப்ப என் ரத்தம்தான்."

"அம்மா, அது யாரோட தப்பும் இல்ல."

"அவளுகளும் இதத்தான் சொன்னாளுக, புள்ள. படிக்காமலே சொன்னாளுக."

மாவை உருட்டி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய். அன்றைக்கு அக்காதான் ரொட்டி சுட்டாள்.

நான் சொல்லாத பாதி இதுதான். பழுதான அந்தப் பக்கம் தனியாக ஒருவரையும் கொல்வது அரிது. அதை வைத்துக்கொண்டே எண்பது வயதுவரை இருந்து சாகிற ஆண்கள் உண்டு. காவல் இல்லாத வீட்டுக்கு நெருப்பு வைக்க வெளியிலிருந்து ஒன்று வரவேண்டும். சில மாத்திரைகள் வைக்கும். பூச்சி உருண்டையின் ஆவியும் வைக்கும். அது பிள்ளையின் தோலாலும் மூச்சாலும் உள்ளே போய், காவல் இல்லாத சிவப்பணுக்களைக் கூட்டம் கூட்டமாக உடைக்கும். உடைந்த ரத்தத்தின் கசடுதான் அந்த மஞ்சள். பிறந்த பிள்ளையின் ஈரலுக்கு அதைக் கழிக்கத் தெம்பு இல்லை. கூடிப்போனால் அது மூளைக்கு ஏறிவிடும்.

நம் லயத்து வழக்கத்தை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை, வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளையை முதலில் சுற்றுவது தாய்வீட்டுக் கம்பளியில். யாரும் போர்த்தாத புதுக் கம்பளி, தண்ணீர் படாத கம்பளி. தண்ணீர் பட்டால் சூடு போய்விடும் என்பார்கள். உனக்குத் தாய்வீடு இங்கே இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம். அதனால் நீயே வாங்கி வைத்தாய். மாதக்கணக்கில் தகரப் பெட்டியில் வைத்தாய். ஈரச் சுவர், பூச்சி வராமல் இருக்குமா? முஸ்லிம் நானாவின் கடையில் வெள்ளை உருண்டைகளை வாங்கி ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒன்றாக வைத்தாய். மற்ற வீடுகளில் ஒன்றோ இரண்டோ போடுவார்கள், இல்லை என்றால் வேப்பிலை. நீ எட்டு. மூத்தவன் போனபிறகு இன்னும் சுத்தமாக இருக்கவேண்டும் என்று இளையவனுக்குப் பத்து.

அந்தக் கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே சுற்றினாய். முகத்தையும் சேர்த்து மூடினாய், குளிர் அப்படி.

அக்காவும் நானும் அதே மாதிரிக் கம்பளியில் கிடந்தவர்கள்தான். நாங்கள் பெண்கள், பிழைத்தோம்.

இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரத்தம் என்றால் அது நீ செய்தது இல்லை, உனக்கு வந்தது. கம்பளி என்றால் அது உன் கை செய்தது. எது உனக்குக் குறைவாக வலிக்கும் என்று நானே தீர்மானித்தேன். இருபத்திரண்டு வயதில், ஒரு குழாயைப் பார்த்துவிட்டு வந்தவள், ஒரு தாயின் வலியை நிறுத்துப் பார்த்தேன். பிழையாக நிறுத்தேன்.

அடுத்த மாதம் அக்காவின் கடிதம் வந்தது. நீ தோட்டத்தில் வேலை பிரிக்கிற கண்டாக்கு ஐயாவிடம் போய், "என் ரத்தம் கெட்ட ரத்தம்ங்க, புள்ளைங்க மேல படக்கூடாது, என்னைய மலைக்கே போட்டுருங்க" என்று கேட்டாயாம். அவருக்கு என்ன, ஆள் குறைவான நேரம், போட்டுவிட்டார். நான் அப்போதே ஓடி வந்து, "அது தொட்டு ஒட்டுறது இல்லம்மா" என்று சொல்லியிருக்கலாம். பரீட்சை இருந்தது. பரீட்சை முடிந்து வருகிறேன் என்று எழுதினேன். மடங்காத காலோடு மழையில் கூடை சுமந்தாய். சளி நெஞ்சில் இறங்கியது. நான் பட்டதாரியாகி வந்தபோது உன் படத்துக்கு முன்னால் விளக்கு இருந்தது. நம் தோட்டத்தில் முதல் பட்டதாரி என்று மாலை போட்டார்கள். அதை எங்கே கழற்றி வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கழுத்தில் போட்டுக்கொண்டே நின்றேன்.

இப்போது கொட்டகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். உன்னிடம் சொன்ன ஆபீஸ் கதையைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

சரி, அக்காவின் கதைக்கு வருகிறேன்.

அக்காவை மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்துக்குக் கட்டிக் கொடுத்தது நீதானே. உண்டானதைச் சொல்லுமுன்பே நீ போய்விட்டாய். ஆனாலும் அவளுடைய முதல் பிள்ளைக்கென்று கம்பளி வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தாய். அவள் பார்க்கவே வைத்தாயாம். ஏழாம் மாதம் அதைக் கொண்டுபோவது தாய்வீட்டுக் கடமை. நான் லிந்துலையில் நம் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். மூச்சு முட்டியது. மூடிவிட்டேன். ஹட்டனில் வேறொரு கம்பளி வாங்கி, இரண்டு தண்ணீர் அலசி, மூன்று நாள் வெயிலில் போட்டு, அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்காவின் மாமியார் அதைக் கையில் வாங்கிய உடனே முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, தண்ணி பட்டிருக்கு?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "இது அம்மா வச்சது இல்லையே. அது எங்கடி?"

"அது... பூச்சி அரிச்சிருச்சுக்கா."

"எட்டு உருண்டை போட்டு வச்சுச்சு, என் கண்ணு முன்னால. பூச்சி அரிச்சிருச்சா? உருண்டையத் தின்னுட்டு அரிச்ச பூச்சியா அது?"

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இம்புட்டுப் படிச்சும் ஒரு பொய் சொல்ல வரலையே புள்ளைக்கு."

அக்காவின் புருஷன், மாமா, சிரிக்கவில்லை. "ஏதாச்சும் காரணம் இருக்காம்மா? இருந்தாச் சொல்லு" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அம்மா, அந்த ஒரு நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மாமா கேட்டார். மாமியாரும் சிரிப்பை விட்டுக் காது கொடுத்தார். அக்கா என்னையே பார்த்தாள். சொன்னால் நீதான் உன் இரண்டு பிள்ளைகளையும் என்று ஆகிவிடும், அதுவும் அக்காவின் புகுந்த வீட்டில். அக்காவுக்குப் பிறப்பது ஆணாகத்தான் இருக்கவேண்டுமா? ஆண் என்றாலும் பழுதான பக்கம்தான் போகவேண்டுமா? அக்காவிடம் அந்தப் பக்கம் இருப்பதற்கே பாதி வாய்ப்புத்தானே? இப்படி எல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பிறகு ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த பஸ்சில் வந்துவிட்டேன்.

பிள்ளை பிறந்தது ஒரு வியாழக்கிழமை. எனக்குச் செய்தி வர ஒருநாள் பிந்திவிட்டது. சனிக்கிழமை பகல் போய்ச் சேர்ந்தேன். காம்பராவுக்குள் போகுமுன்பே, வெளி இஸ்தோப்புத் திண்ணையிலேயே அந்த மணம் என்னைப் பிடித்துக்கொண்டது. அக்கா மாமாவை லிந்துலைக்கு அனுப்பி, அப்பாவிடம் கேட்டு, பெட்டியிலிருந்து உன் கம்பளியை எடுத்து வரச் சொல்லியிருக்கிறாள். அம்மா தொட்டு வைத்தது என் பிள்ளைமேல் படவேண்டும் என்று அழுதாளாம். அதற்கு யார் மறுப்புச் சொல்வார்கள்?

"வாடி, பூச்சி அரிக்காத கம்பளியப் பாரு" என்றாள் அக்கா. அவளுக்குக் கோபம்கூட இல்லை. சந்தோஷத்தில் இருந்தாள்.

நான் பிள்ளையின் கண் இமையை விலக்கிப் பார்த்தேன். பிறகு நான் போட்ட சத்தம் என் சத்தமே இல்லை. கம்பளியை உருவி வெளியே எறிந்தேன். அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ரத்தம், உருண்டை, அண்ணன், தம்பி என்று எல்லாவற்றையும் முன்பின்னாகக் கத்தினேன். இரண்டு வருடமாகத் தொண்டையில் இருந்தது ஒரே நேரத்தில் வந்தால் யாருக்கு விளங்கும்?

மாமியாருக்கு விளங்கியது. "அப்ப உங்கம்மாதான் ரெண்டையும் கொன்னுச்சா?"

"அத்தை, அப்படி இல்ல..."

"நீதானே சொன்ன?"

அக்கா என்னை முறைத்துப் பார்த்தாள். "அம்மாவையா சொல்ற? செத்துப்போன அம்மாவையா சொல்ற?"

மாமா பிள்ளையைத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினார். கொழுந்து லொறி ஒன்று கிடைத்தது. கண்டி ஆஸ்பத்திரியில் பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். அப்படிச் செய்யலாம் என்று நான் படித்துத்தான் இருந்தேன். அது ஒரு பிள்ளையின் தொப்புள் வழியாக நடப்பதைப் பார்த்ததில்லை. பிழைத்துக்கொண்டான். ஒருநாள் முன்னால் வந்திருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். இரண்டு மாதம் முன்னால் வந்த நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா சொன்னதை உனக்கும் சொல்கிறேன். அவர் சத்தம் போடவில்லை. "படிச்ச புள்ள சொல்றத நாங்க கேக்கத்தான் செய்வோம்மா. நீ வாயத் தொறந்து சொல்லணும்ல?"

நாலு மாதம் ஆகிறது. பையன் கையைக் காலை ஆட்டுகிறான், முகம் பார்த்துச் சிரிக்கிறான். வெண்கலத் தட்டைப் பக்கத்தில் தட்டினால் திரும்புவதில்லை. காதுக்குப் போகிற நரம்பை அந்த மஞ்சள் தின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி வராது. அக்கா இன்னும் தட்டிப் பார்க்கிறாளாம். நான் போனால் தட்டை ஒளித்து வைத்துவிடுகிறாள்.

அவளுக்கு என்மேல் கோபம் இரண்டு. சொன்னதற்கு ஒன்று, சொல்லாததற்கு ஒன்று. இரண்டும் நியாயம். நான் எதற்குப் பதில் சொல்வேன்?

மாமியார் பிள்ளையைக் கொஞ்சத்தான் செய்கிறார். ஆனால் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "அந்த வீட்டுப் பொண்ணுங்களுக்குப் பரம்பரையிலயே இருக்காம், சின்னதே படிச்சுட்டு வந்து சொல்லிருச்சு" என்கிறாராம். என்னைப் பெண் கேட்டு வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. உன்னை முழுங்கி என்றார்கள். எங்களைப் பரம்பரை என்கிறார்கள். வார்த்தை மட்டும் படித்திருக்கிறது, வாய் பழைய வாய்தான். என் படிப்பு அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

கம்பளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. குளிர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. துரையின் பங்களாவில் பிள்ளை பிறந்தால் கணப்பு எரிகிறது. நமக்கு ஒரு அறை, தகரக் கூரை, வருடம் முழுக்க வியர்க்கிற சுவர். அந்தச் சுவர் காய்ந்திருந்தால் பூச்சி ஏது, உருண்டை ஏது? உன் புத்தகத்தில் ஒரு பிழை இருந்தது உண்மை. அது எத்தனை தலைமுறையாக யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடந்ததோ யார் கண்டது. அதைத் தேடிப்பிடித்துக் கொலையாக மாற்ற ஒரு லயத்துக் காம்பரா தேவைப்பட்டது. இதை நான் எழுதிய பரீட்சையில் யாரும் கேட்டதில்லை.

இருந்தும், அம்மா, எல்லாவற்றையும் சுவர்மேல் போட்டு உன்னை விடுவிக்க நான் வரவில்லை. ஒருமுறை அப்படி உன்னை விடுவிக்கப் போய்த்தான் பாதியைச் சொன்னேன்.

இன்று நம் தோட்டத்துக்குப் போய்க் கண்டாக்கு ஐயாவைப் பார்த்தேன். திங்கட்கிழமை பெரட்டில் ஆள் பிரிக்குமுன் எனக்கு ஐந்து நிமிஷம் தாருங்கள் என்று கேட்டேன். "ஒனக்குப் பேச வருமாம்மா?" என்று சிரித்தார். வராது என்றேன். சரி, வா என்றார்.

திங்கட்கிழமை உன்னைப் பேசியவர்கள் எல்லோரும் அங்கே நிற்பார்கள், கூடையோடு. அவர்களுடைய மருமகள்மாரில் மூன்று பேர் பிள்ளைத்தாய்ச்சிகள். கம்பளியை அலசுங்கள், வெயிலில் போடுங்கள், பிள்ளைத் துணிக்குப் பக்கத்தில் உருண்டை வேண்டாம், கண் மஞ்சளானால் போத்தலை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள் என்று சொல்வேன். வழக்கத்தை மாற்ற நீ யார் என்று கேட்பார்கள். ஒனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பாதியிலேயே அழுதாலும் அழுவேன்.

ஆனால் இந்த முறை பாதி சொல்லமாட்டேன், இது உனக்கு என் வாக்கு. எங்கம்மா தன் கையாலே வைத்தாள், பத்து உருண்டை, பிள்ளை நல்லா இருக்கவேண்டும் என்றுதான் வைத்தாள், இரண்டு பிள்ளை போனது, மூன்றாவதாகப் பேரனின் காது போனது, காது போனது நான் சொல்லாததால் என்று சொல்வேன். உன் பெயரைச் சொல்லித்தான் சொல்வேன். அவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் பீலியடியில் மறுபடியும் உன்னைப் பேசுவார்கள். பேசட்டும். பேசிக்கொண்டே கம்பளியை அலசினால் போதும்.

உனக்கு அது வலிக்கும் என்று தெரியும். தெரிந்தே சொல்லப்போகிறேன், அம்மா.

மூன்றாவதாகப் பெற்று, இரண்டாவது என்று நீ எண்ணிக்கொண்ட
உன் சின்ன மகள்